தும்புத்தடிப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம்

நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் வெளியே வந்துவிடுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. தலை வழுக்கையாகி, வயிறு முன்னே தள்ளி, ஒஸ்லோவில் பிள்ளைகளை உதைபந்துப் பயிற்சிக்கு ஏற்றி இறக்குகிற வயதிலும் அவர்களுடைய மனம் அங்கே வரிசையில் நின்று குளிர்ந்த தண்ணீரில் குளித்துக்கொண்டுதான் இருக்கும். இதை இளக்காரமாகச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. முப்பது வயதுவரை அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவன் நான்.

இலங்கையின் மலைநாட்டில், ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் தொடங்கிவைத்த விடுதிப் பள்ளிக்கூடம் அது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகும்போது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனவன், இதை மட்டும் மறந்து விட்டுவிட்டான். இங்கிலாந்துக்காரனே வெட்கப்பட்டுக் கைவிட்ட பழக்கங்களை எங்கள் ஆசிரியர்கள் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். விடிய ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். பல் கிட்டும் குளிரில் குளியல். பிறகு கட்டிப்பட்ட ஓட்ஸ் கஞ்சி. அதற்கு முன்னால் லத்தீனில் ஒரு நன்றிச் செபம் (எங்களுக்கு அர்த்தம் தெரியாது, சொல்லித்தந்தவருக்கும் தெரியாது, அந்தக் கஞ்சிக்கு நன்றி சொன்னால் கடவுளே கூச்சப்பட்டிருப்பார்). வாழைப்பழத்தைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு சாப்பிட வேண்டும். தமிழில் கதைத்தால் பிரம்படி. சின்ன வகுப்புப் பையன்கள் பெரிய வகுப்பு மாணவத் தலைவர்களுக்குக் கட்டில் விரித்து, சப்பாத்து மினுக்கி, அறை கூட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பண்புப் பயிற்சி.

என் அப்பாவுக்கு வங்கி வேலை, ஊர் ஊராக மாற்றம். மகன் துரை மாதிரி ஆங்கிலம் கதைக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ள, பத்து வயதில் என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். எட்டு வருடம் இருந்தேன்.

மேற்படிப்புக்கு நோர்வேயின் துரொண்ட்ஹெய்முக்கு வந்து, பிறகு வேலை கிடைத்து ஒஸ்லோவுக்கு இறங்கினால், இங்கேயும் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு கிளை முளைத்திருந்தது. மொத்தம் ஐந்து பேர். வருடத்துக்கு ஒருமுறை மோர்டென்ஸ்ருடில் ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் கூடுவோம். பள்ளிக்கூடத்துக் கோடுபோட்ட கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, வெளியே பனி கொட்டக் கொட்ட, பச்சைப் புல்வெளியில் கிரிக்கெட் ஆடுவது பற்றிய கல்லூரிக் கீதத்தைப் பாடுவோம். அதற்குப் பிறகு எந்த ஆசிரியருடைய பிரம்பு திறமானது என்று ஆராய்ச்சி நடக்கும். "அந்த அடிதான் மச்சான் எங்களை மனிசராக்கினது" என்று ஒருவர் சொல்ல, மற்ற நால்வரும் புரியாணிக் கையோடு தலையாட்டுவோம். எங்கள் ஐவரையும் பார்க்கிற எவரும் அந்த அடி வேலை செய்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கோலத்தில் இருந்த என்னை நிரோஜா விரும்பினாள். ஏனென்று அவள் இதுவரை சொல்லவில்லை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் பிறந்து வளர்ந்தவள், மருத்துவமனையில் தாதி. அவளுடைய அண்ணன் வீட்டுக்குத் தெரியாமல் மார்த்தே என்ற நோர்வேப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டான். அந்தக் கோபத்தில் தகப்பன் ஒரு வருடம் மகனோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு மார்த்தே எப்படியோ அந்த வீட்டின் செல்ல மருமகளாகிவிட்டாள் என்பது வேறு கதை.

"அப்பா ஓம் எண்டாத்தான் எனக்கும் ஓம்" என்று நிரோஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அண்ணான்ரை பிரச்சினையிலை அம்மா சாப்பிடாமல் கிடந்தவா. இன்னொருக்கா அதை என்னாலை பார்க்கேலாது. நீங்கள் வந்து கதையுங்கோ. ஆனா கடவுளாணை, உங்கடை பள்ளிக்கூடப் புளுகை மட்டும் அங்கை அவிழ்த்து விடாதேங்கோ."

நான் பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

நிரோஜாவின் அப்பா சிவபாதம் அங்கிள் ஒரு துப்புரவு நிறுவனத்தின் முதலாளி. கை நிறைய மோதிரம், வாய் நிறைய நிறுவனம். கூட்டித் துடைப்பது ஒரு விஞ்ஞானம் என்றும், அதை முறையாகப் படித்த ஆளை இந்த ஒஸ்லோவில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் காணவில்லை என்றும் நான் கதிரையில் உட்காரும் முன்பே சொல்லி முடித்துவிட்டார். நிரோஜாவின் அம்மா, அன்ரி, பரிமாறினார். மகன் வேலைக்குப் போயிருந்தாலும் மார்த்தே மேசையில் இருந்ததால் பேச்சு நோர்வேஜிய மொழியில் நடந்தது.

மார்த்தே மரியாதைக்காக, நான் எங்கே படித்தேன் என்று கேட்டாள். மேசைக்கடியில் நிரோஜா என் காலை ஓங்கி மிதித்தாள். சொல்லு, சொல்லு என்று உற்சாகப்படுத்துகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு நோர்வேஜிய மொழியில் 'கொஸ்ட்ஸ்கூலே' என்று பெயர். 'கொஸ்ட்' என்றால் சாப்பாடு. சாப்பாடு போட்டுப் படிப்பிக்கிற இடம். ஆனால் அதே எழுத்துகளைக் 'குஸ்ட்' என்று உச்சரித்தால் தும்புத்தடி, அதாவது தரை கூட்டுகிற துடைப்பம். நானோ அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தவன், ஒருவர் சொல்லிக் கேட்டவனல்ல. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் எட்டு வருடம் குஸ்ட்ஸ்கூலேயில் படித்தேன்" என்று அறிவித்தேன்.

மார்த்தே என் உச்சரிப்பை மனதுக்குள் திருத்திக்கொண்டு, "ஐயோ பாவம்" என்றாள். அங்கிள் எதையும் திருத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்குத் தாவினார்.

"எட்டு வருசமோ தம்பி? அங்கையே தங்கியோ?"

"ஓம் அங்கிள். விடிய அஞ்சு மணிக்கு எழுப்பிப் போடுவினம்."

"அதுதான் சரியான நேரம். என்ரை பெடியளும் அஞ்சு மணிக்குத்தான் துவங்கிறவங்கள். முதல்லை என்ன பழக்குவினம்?"

"கட்டில் விரிக்கிறது, சப்பாத்து மினுக்கிறது, அறை கூட்டுறது…"

"அடிப்படை! அடிப்படை!" என்று மேசையில் தட்டினார். "பிறகு?"

"பிறகு நாங்கள் சீனியர் ஆயிடுவம். கீழை இருக்கிறவங்களைக் கொண்டு செய்விக்கிறது."

"மேற்பார்வை. ஒழுங்காச் செய்யாட்டி?"

"பிரம்பாலை அடிதான்."

அங்கிள் நீண்ட பெருமூச்சு விட்டார். "இஞ்சை அதுக்குத்தான் விடமாட்டாங்கள்."

என் பள்ளிக்கூடத்தின் அருமை தெரிந்த ஒரு மனிதரை நோர்வேயில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் புல்லரித்துப்போய் இருந்தேன். நிரோஜா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"எழும்பும் தம்பி, கீழை போவம்" என்றார் அங்கிள். எல்லாருமாக இறங்கினோம்.

அன்று அந்தக் குடியிருப்பில் டுக்னாட். அதாவது எங்கள் ஊர்ச் சிரமதானம்தான்: எல்லா வீட்டுக்காரரும் கூடி வளவைத் துப்புரவாக்கி, முடிவில் காப்பி குடித்து வாஃபிள் தின்பார்கள். கீழே இருந்த பொது மண்டபத்தின் தரையைத் தேய்க்க, அங்கிள் தன் நிறுவனத்திலிருந்து ஒரு பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அடியில் வட்டமான தூரிகை சுழலும் இயந்திரம். என் தோளில் கையைப் போட்டு அயலவர்களிடம், "இவர் என் வருங்கால மருமகன். எங்கள் தொழிலையே எட்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்தவர். அப்படியொரு பள்ளிக்கூடம் இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது" என்று முழங்கினார். வருங்கால மருமகன் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. மற்றதெல்லாம் ஏறவேயில்லை.

"பிடியும்" என்று கைப்பிடியைத் தந்தார்.

தெரியாது என்று சொல்வதற்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் அடி விழும். ஆகவே கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

அந்த இயந்திரத்தின் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒரு பக்கம் போகும், தாழ்த்தினால் மறுபக்கம் போகும். இது எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அன்றைக்கு அது கயிறறுத்த மாடு மாதிரிப் புறப்பட்டது. நான் பின்னால் இழுபட்டேன். தண்ணீர் வாளி உருண்டது. ஒரு கிழவர் கதிரையில் ஏறி நின்றார். வாஃபிள் மேசை காலொடிந்து சாய்ந்தது, ஜாம் போத்தல்கள் சவர்க்கார நுரையில் மிதந்தன.

"விடும் ஐசே, நான் காட்டுறன்!" என்று அங்கிள் பாய்ந்து வந்து பிடித்தார். அவர் முதலாளியாகி இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் அவரும் ஒன்றையும் தொட்டதில்லை என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் மறந்துபோயிருந்தது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து மண்டபத்தை வலம்வந்தோம். இரண்டாவது சுற்றில் என் கழுத்துப்பட்டியின் நுனி தூரிகைக்குள் போனது. தலை கீழே, கீழே இறங்கியது. "போதும்! போதும்!" என்று ஒரு குரல் கேட்டது. மார்த்தே சுவரில் இருந்த மின்செருகியைப் பிடுங்கிவிட்டாள். (மாமியாரின் சாப்பாட்டு மேசையில் உயிர்தப்ப அவள் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் 'போதும்'.)

நுரைக்குள் உட்கார்ந்தபடியே அங்கிள் மூச்சு வாங்கினார். "உம்மடை பள்ளிக்கூடத்திலை இந்த மெஷின் இல்லையோ?"

"எங்கடை பள்ளிக்கூடத்திலை இது என்னத்துக்கு அங்கிள்?"

அங்கிள் அயலவரிடம் முழங்கியதைக் கேட்டிருந்த மார்த்தேக்குத்தான் முதலில் விளங்கியது. "அவர் சொன்னது தும்புத்தடி இல்லை, கொஸ்ட்ஸ்கூலே. சின்னப் பிள்ளைகளை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களே, அந்தப் பள்ளிக்கூடம்" என்று மாமனாருக்கு நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னாள்.

அங்கிளின் முகம் கறுத்தது. அயலவர் முன்னால் அவருடைய மானம் ஜாமோடு மிதந்துகொண்டிருந்தது. "அப்ப துப்புரவும் படிக்கேல்லை, வீட்டிலையும் இருக்கேல்லை. எட்டு வருசம் அங்கை என்னத்தைத்தான் ஐசே படிச்சனீர்?" பிறகு மகளிடம் திரும்பினார். "இது சரிவராது பிள்ளை. மேலை போ."

நிரோஜா போகவில்லை. என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் தொலை என்ற பார்வை. ஒழுக்கம், தலைமைத்துவம், தன்னம்பிக்கை என்று எங்கள் கீதத்தில் மூன்று வரி நிறைய இருக்கிறது. ஒன்றாவது வாயில் வரவேண்டுமே!

சிதறிய வாஃபிள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அன்ரி நிமிர்ந்தார். "எத்தினை வயசிலை தம்பி கொண்டுபோய் விட்டவை?"

"பத்து வயசு, அன்ரி."

"இரவிலை அம்மாவைத் தேடேல்லையே?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் சங்க விருந்தில் வருடா வருடம் சொல்லிச் சிரிக்கிற பதில்தான். "தேடினா அதுக்கும் அடி விழும், அன்ரி" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கப் போனேன். அடுத்த கணம் ஸ்டோவ்னரின் அந்த மண்டபத்தில், பாதிக் கழுத்துப்பட்டியோடு, சவர்க்கார நுரைக்குள் இருந்து நான் அழுதுகொண்டிருந்தேன். ஆண்மையான ஒரு துளி கண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். மூக்கு ஒழுக, விக்கி விக்கி, பத்து வயதுப் பிள்ளை அழவேண்டிய அழுகை. அந்தப் பள்ளிக்கூடத்தை நான் வெறுக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருபது வருடமாகப் பெருமை என்று நான் ஊரெல்லாம் காட்டித் திரிந்தது, ஒரு பிள்ளையைத் தனியே விட்டுவந்த கதையை. எவ்வளவு பெரிய மடையன் நான்!

நோர்வேக்காரர்கள் எல்லாரும் மிக மரியாதையாகத் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அன்ரி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அங்கிள்தான் கதிகலங்கிப்போனார். வளர்ந்த ஆம்பிளை அழுவதை அவர் அதற்குமுன் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"தம்பி, ஆக்கள் பாக்கினம். இஞ்சை பாரும், நான் என்ன பெரிசாச் சொல்லிப்போட்டன்? நிப்பாட்டும். சரி, கட்டித்தாறன். கட்டித்தாறன் எண்டுறன், அழுகையை நிப்பாட்டும் ஐசே!"

கட்டித் தந்தார். சங்கத்து விருந்துக்கு நான் பிறகு போகவில்லை. மற்ற நால்வரும் இன்னும் அங்கே அடியின் பெருமை பேசிக்கொண்டு மனிதராகிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள், பிறந்தநாளோ செத்தவீடோ, புதிதாக யாரைக் கண்டாலும் என்னை இழுத்து முன்னால் நிறுத்துகிறார். "அழுத பிள்ளை பால் குடிக்கும் எண்டு சொல்லுவினம்" என்று தொடங்குவார். "என்ரை மருமகன் அழுது பொம்பிளையே எடுத்தவர்."