ஒரு காதுக்கு மட்டும்

காதுக்குழலை அழுத்திப் பிடித்து மூன்றாவது முறையாக மூச்சை அடக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. கொசு பறந்தாலாவது கேட்டிருக்கும்.

மருந்து பாட்டிலில் எண்பது சுற்றுச் செம்புக் கம்பி. செத்துப்போன டிரான்சிஸ்டரிலிருந்து பிடுங்கிய டயோடு. பழைய தொலைபேசியின் காதுக்குழல். மாடிக்கு ஒரு ஏரியல் கம்பி, பின்னறை ஜன்னலை ஒட்டிய தண்ணீர்க் குழாய்க்கு ஒரு எர்த் கம்பி. கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், இந்த ரேடியோ காற்றிலிருந்தே பாட்டைப் பிடிக்கும் என்று ஒரு வாரமாக மனைவியிடம் அளந்திருந்தார்.

இருவருக்கும் பந்தயம் இதுதான். ஞாயிறு மதியத்துக்குள் ரேடியோ பேசினால் பின்னறை அவருக்கு. அங்கிருக்கும் பன்னிரண்டு பெட்டி உடைசலை யாரும் தொடக்கூடாது. பேசாவிட்டால் அத்தனையும் பழைய இரும்புக்காரனுக்கு, அறை அவளுடைய தையல் மெஷினுக்கு. மூன்று வருஷமாக மெஷின் நடையில் நிற்கிறது. அதில் முழங்காலை இடித்துக்கொள்ளாமல் யாரும் வீட்டுக்குள் வந்ததில்லை.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்து நின்றாள்.

"பேசுதா?"

"பேசுதே." வாய் முந்திக்கொண்டது. கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டினார். ஒரு காதுக்கு மட்டும் கேட்கிற ரேடியோவில் இது ஒரு வசதி.

அவள் கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. காதில் வைத்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஆமாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

அவர் டயோடையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருங்க, ஏதோ அறிவிப்பு" என்று விரலை உயர்த்தினாள். நாளைக் காலை இந்தத் தெருவில் வீடு வீடாகச் சோதனையாம். அறைக்குள் உடைசல் சேர்த்து வைத்திருந்தால் அபராதமாம். பன்னிரண்டு பெட்டி என்றால் இரட்டிப்பாம். செய்தி வாசிக்கிறவரின் நிதானத்தோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்படியெல்லாம் யாரும் சொல்லலையே."

"ஏங்க, உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்றால் பந்தயம் போச்சு. கேட்டது என்றால் பெட்டி போச்சு. பந்தயத்திலாவது மானம் மிஞ்சும்.

"கேட்டுது" என்றார்.

முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நடையில் மெஷின் வழக்கம்போல முழங்காலைப் பதம் பார்த்தது.

பின்னறையில் அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, குழாயிலிருந்து கழன்று தொங்கிய எர்த் கம்பியைப் பிடித்தாள். நூல்வெட்டும் கத்தரியால் நுனியைச் சுரண்டி, குழாயில் நாலு சுற்று இறுக்கினாள். பிறகு காதுக்குழலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மெல்ல, மெஷினை மிதிப்பதுபோலவே, அவள் கால் தாளம் போடத் தொடங்கியது.