திரும்பாத லென்ஸ்

கண் நன்றாகத் தெரிகிறது என்பதை மனைவியிடமிருந்து மறைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த ஒரே தீர்மானம் அது. மற்றவற்றை அவள் எடுத்தாள்.

காரணம் உண்டு. இரு கண்ணிலும் புரை விழுந்து, போதாக்குறைக்குக் கருவிழியின் வளைவும் கோணலாகி, எழுத்துகள் நிழலோடு இரட்டை இரட்டையாகத் தெரிந்த மாதங்களில், மாலைதோறும் அவள்தான் எனக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டினாள். நாட்டுப்புறக் கதை ஆய்வுக்காக ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து ஊர் ஊராகப் போய், ஒரே கதையைப் பலரும் பல விதமாகச் சொல்லக் கேட்டுப் பதிந்தவன் நான். வீட்டிலிருந்த குரலை அருகிலிருந்து கேட்டதில்லை. விளக்கு வெளிச்சத்துக்காக அவள் ஒட்டி உட்காருவாள். தோள் தோளில் படும். பக்கத்தைப் புரட்டும்போது வளையல் என் மணிக்கட்டை உரசும்.

இதற்கு உலை வைத்தது அறுவைச் சிகிச்சை. கோணலை நேராக்கும் தனி லென்ஸ்; கிட்டத்து எழுத்து கண்ணாடியின்றித் தெரியும்படி பொருத்தப்பட்டது. மருந்துப் புட்டியின் பொடி எழுத்துகூட என்னைப் பார்த்துச் சிரித்தது. நான்தான் சிரிக்கவில்லை.

"என்னங்க, எழுத்து தெரியுதா?"

"ரெண்டு ரெண்டா இருக்கு."

"நேத்து டாக்டர் நீட்டின அட்டையை மளமளன்னு படிச்சீங்களே!"

"அது நேத்து. தூக்கத்துல புரண்டு படுத்தேன். லென்ஸ் திரும்பிடுச்சு போல."

"நீங்க புரண்டா கட்டில்தான் திரும்பும். லென்ஸ் எப்படிங்க திரும்பும்?"

"திரும்பலாம்னு டாக்டரே சொன்னாரே."

"அப்ப அவர்கிட்டயே போய் நேரா வச்சுட்டு வருவோம். கெளம்புங்க."

"வேண்டாம், வேண்டாம்! தானா பழைய இடத்துக்கு வந்துடும்."

"ஆமா, மேயப் போன மாடு பாருங்க, சாயங்காலம் வீடு வந்து சேர!"

ஆயினும் அன்று மாலை புத்தகத்தோடு வந்து ஒட்டி உட்கார்ந்தாள். வென்றுவிட்டேன்.

அவள் தொடங்கியதும் என் பார்வை பக்கத்துக்குத் தாவியது. அச்சில், கப்பல் கேப்டன் புயலோடு போராடினார். அவள் குரலில், மனைவிக்குக் கால் பிடித்துவிட்டார். மறுநாள் அச்சில் கொள்ளையரை விரட்டினார். அவள் குரலில் பாத்திரம் துலக்கினார். ஒரு சொல் பிசகினாலும் அடிக்குறிப்புப் போடுகிறவன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். திருத்தினால் தோள் விலகிவிடும். கண் மங்கிய காலத்தில் நான் உருகி உருகிக் கேட்ட கேப்டனும் இவள் கைவண்ணம்தானா என்று விசாரிக்கவும் வழியில்லை.

ஒரு மாலை, வரியில் விரலை வைத்தபடியே நிறுத்தினாள்.

"கப்பல் மூழ்கிடுச்சு. கேப்டனும் போய்ச் சேர்ந்தார். கதை முடிஞ்சுது. இனிமே சாயங்காலம் நான் டிவி பார்க்கலாம்."

பதறிப்போய்க் குறுக்கிட்டேன்.

"எங்க முடிஞ்சுது? அடுத்த வரியிலேயே கரையேறி வீட்டுக் கதவைத் தட்டுறாரே!"

"தட்டுறாரா?" என்றாள், மிக மென்மையாக.

அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மொத நாளே தெரியும்ங்க. கேப்டன் கால் பிடிச்சார்னதும் உங்க கண்ணு வரி வரியா ஓடித் தேடிச்சு. தெரியாத கண்ணு தேடாது."

"அப்புறம் ஏன் வாசிச்சே?"

"எந்த வீட்டுப் புருஷன் பாத்திரம் துலக்கினாலும் கேக்க நல்லாத்தானே இருக்கு!"

வேறு வழியில்லை, உண்மையைச் சொன்னேன். "நீ பக்கத்துல உக்காந்து வாசிச்சா நல்லா இருக்கு. அது போயிடுமேன்னுதான்..."

அவள் வரியிலிருந்து விரலை எடுத்தாள்.

"இதைச் சொல்ல லென்ஸை எதுக்குத் திருப்பணும்? வாயைத் திறந்தா போதாதா?" என்றவள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "இத்தனை நாள் நான் வாசிச்சேன். இனிமே நீங்க வாசிங்க, நான் கேக்கறேன்."

இதைவிட வேறென்ன வேண்டும்? அவள் உட்கார இடம்விட்டு நகர்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கேப்டன் கதவைத் தட்டும் கட்டத்தை, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், மனம் கரைந்து வாசித்தேன்.

அடுத்த அறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது:

"கொஞ்சம் சத்தமா வாசிங்க. இங்க கேக்கலை."