பொட்டுவுக்குக் கீழே ஏணி

பேனா புத்தகத்தைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். தப்பு அப்படியேதான் இருந்தது.

அன்று மாலை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிரிவு விழா. வகுப்பிலுள்ள ஒவ்வொருத்தியைப் பற்றியும் பாசமும் கிண்டலுமாக நாலு வரி எழுதி விழா மலராக்கியவள் அவள்தான். பேனா என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. ஆசை தாங்காமல் காலையில் அச்சகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பிரதியை உருவிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவந்து, மாடிப்படியில் உட்கார்ந்து பிரித்தாள்.

படங்கள் சரியாக இருந்தன. எழுத்து மட்டும் ஒரு ஆள் நகர்ந்திருந்தது.

வகுப்பிலேயே குள்ளமானவள் பொட்டு. அவள் படத்துக்குக் கீழே, "இவள் நெற்றி இடிக்காத வாசல் இந்தப் பள்ளியில் இல்லை. மேலே மழை வருகிறதா என்று இவளைக் கேட்டுத்தான் நாங்கள் குடை எடுப்போம்" என்று இருந்தது. அது நெட்டையான ஏணிக்கு எழுதியது. ஏணியின் படத்துக்குக் கீழே, வாயே திறக்காத மியூட். இப்படியே போய், கடைசிப் பக்கத்தில் வகுப்பாசிரியை. கணக்கு மிஸ். அவர் படத்துக்குக் கீழே முதல் பக்கத்துக் கொட்டாவி வந்து குந்தியிருந்தாள்.

"கணக்கு என்றாலே இவளுக்குக் கண் சொக்கும். கூட்டல் போடக் கால்விரலையும் துணைக்கு அழைப்பாள்."

பேனா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள்.

ஆபீஸ் அறைக்கு ஓடி அச்சகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. புத்தகக் கட்டுகள் மாலைதான் வரும். அதற்குள் ஒவ்வொருத்தியிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று தோன்றியது. முதலில் உயிர்த்தோழி பொட்டுவைப் பிடித்தாள்.

"பொட்டு, கோவிச்சுக்காதே. உன் படத்துக்குக் கீழே ஏணியைப் பத்தி எழுதின மழை, குடை வரியெல்லாம் அச்சாயிடுச்சு."

"அப்ப எனக்கு என்ன எழுதினே?"

"அது நம்ம வாயாடி ரேடியோ படத்துக்குக் கீழே போயிடுச்சு."

"எங்கே போச்சுன்னா கேட்டேன்? என்ன எழுதினே?"

"இவள் தொலைந்தால் தேட வேண்டாம், யார் பைக்குள்ளாவது இருப்பாள்..."

"பைக்குள்ளேயா? நான் என்ன பென்சில் டப்பாவா?"

"முழுசாக் கேளுடி, அடுத்த வரி..."

மணி அடித்தது. பொட்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். போன வேகத்தில் ஏணியிடம் மழை விஷயத்தையும் சொல்லிவிட்டாள்.

இதைச் சரிக்கட்ட பேனாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ரேடியோவிடம் போனாள். எதையாவது ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமென்றால் ரேடியோவை விட்டால் ஆளில்லை.

"இது அச்சுத் தப்பு, யாரும் மனசுல வெச்சுக்க வேண்டாம்னு எல்லார்கிட்டேயும் சொல்லிடு. அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம்."

"என்னை நம்பு" என்றாள் ரேடியோ.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள், பேனா பொட்டுவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டதாகவும், ஏணி தலையில் இடி விழ வேண்டுமென்று எழுதியிருப்பதாகவும் செய்தி பரவியிருந்தது. பேனா பெஞ்சில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். மியூட் மட்டும் இருந்தாள். அவள் தன் டிபன் பாக்ஸைப் பேனாவின் பக்கம் நகர்த்தினாள்.

வேறு வழியில்லாமல் பேனா கணக்கு மிஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"கால்விரலா?" என்றார் மிஸ். "எனக்கா?"

"உங்களுக்கு இல்ல மிஸ். அது கொட்டாவிக்கு."

"எனக்கு என்ன எழுதினே?"

"நல்லாத்தான் மிஸ் எழுதியிருக்கேன். முதல்ல 'சாக்பீஸ் ஏவுகணை'ன்னு எழுதியிருந்தேன். அதை அடிச்சுட்டேன். 'இடி அமீனோட அக்கா'ங்கறதையும் எடுத்துட்டேன்..."

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாயங்காலம் புத்தகம் கொடுக்கறதுக்கு முன்னாடி மேடையில ஏறு" என்றார் கடைசியில். "எது யாரோடதுன்னு மைக்கில நீயே படி."

மாலையில் அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பேனாவின் அம்மா, பெண் பேசப்போகிற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேனா மேடையேறி மைக் முன்னால் நின்றாள்.

முதலில் கொட்டாவி. படித்து முடிப்பதற்குள் அவள் அப்பா எழுந்தே விட்டார்.

"கண் சொக்குமா? விடிய விடியப் படிக்கிறாளேன்னு நாங்க டி.வி.கூடப் போடாம இருந்தோமே!"

"பேனா, இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று கத்தினாள் கொட்டாவி. அவள் முழு விழிப்போடு இருந்ததைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

பேனா மைக்கை இறுகப் பிடித்தாள். "நான் உனக்கு நல்லதுதான்டி செஞ்சேன்! மாதிரித் தேர்வு அன்னிக்கு நீ சுவரேறிக் குதிச்சு சினிமாவுக்குப் போனதை எழுதினேனா? எழுதலையே!"

மைக் நன்றாக வேலை செய்தது. கொட்டாவியின் அப்பா தொப்பென்று உட்கார்ந்தார்.

"தனியாவா போனேன்?" என்றாள் கொட்டாவி. "கூட வந்தது யாரு?"

அரங்கமே பேனாவைப் பார்த்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பெருமை இருந்த இடம் தெரியவில்லை.

"நான்தான்" என்றாள் பேனா, மைக்கிலேயே.

இனி இழக்க ஒன்றுமில்லை. அடுத்தடுத்துப் படித்தாள். பொட்டுவின் பக்கம் வந்தது. "இவள் தொலைந்தால் தேட வேண்டாம், யார் பைக்குள்ளாவது இருப்பாள். சண்டை என்று வந்தால் மட்டும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்பாள். அப்போது இவள் பின்னால் ஒளிந்துகொள்ள ஏணிக்கே இடம் இருக்கும்."

பொட்டு மூக்கை உறிஞ்சினாள். ஏணி குனிந்து அவள் தோளில் கை போட்டாள்.

மியூட்டின் பக்கம். "நான் அழுத அன்று என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான்."

"நல்லா எழுதியிருக்கே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். மியூட்! ரேடியோவுக்கே பேச்சு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து, இரண்டு கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு அச்சகக்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார். பேனாவின் கையிலிருந்த பிரதியைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க" என்றார் மிஸ் சங்கடத்தோடு. "உங்க புத்தகத்துல எழுத்தெல்லாம் இடம் மாறிப்போச்சு. அதான் பொண்ணைப் படிக்கச் சொன்னோம்."

"நம்ம புத்தகத்துலயா? எல்லாம் அச்சுப் பிசகாம இருக்குதே!" என்று கட்டைப் பிரித்துக் காட்டினார் அவர். "ஏம்மா, நான் டீ கிளாஸ் வைக்கிற வேஸ்ட் காப்பியைக் காலையிலே தூக்கிட்டுப் போனது நீதானா?"