பையில் ஒன்றும் இல்லையாம்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்காள் மகள் பணிவோடு எழுதுவது. இங்கே நான், அம்மா, தையல் மெஷின் மூவரும் நலம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். போன கடிதத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோனேன், அச்சடித்த மாதிரி இருந்தது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படியுங்கள். சித்தப்பா கண்ணில் மட்டும் படக்கூடாது.

அம்மாவுக்கு ரொம்ப நாளாக அடிவயிற்றில் வலி, உதிரப்போக்கும் அதிகம். எங்கள் தையல் கம்பெனிக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி, வாசலில் பெரிய பலகை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கேட்டிருக்கலாம், ஆனால் வயசுப் பெண்ணிடம் இதையெல்லாம் கேட்பதாவது என்று பட்டன் தைக்கிற அக்காவைக் கூட்டிப் போயிருக்கிறாள். அந்த அக்காவுக்கு எழுத்துக்கூட்ட வரும், அர்த்தம் கூட்ட வராது. 'கருப்பை பரிசோதனை இங்கே செய்யப்படும்' என்பதைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு, கருப்புப் பையை இங்கே சோதிப்பார்களாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாவிடம் இருந்தது சிவப்புப் பை. நமக்கான இடம் இல்லை போல என்று அம்மா திரும்பிவிட்டாள். பிறகு வலி தாங்காமல், இஸ்திரி போடுகிற பெரியம்மாவிடம் கருப்புப் பையைக் கடன் வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். வாசலில் காவல்காரர் எல்லாருடைய பையையும் பார்ப்பது போலவே இவள் பையையும் திறந்து பார்த்து, ஒண்ணுமில்ல, போங்க என்றார். அம்மாவும் சந்தோஷமாக வேலைக்கு வந்துவிட்டாள்.

அன்று அவள் மெஷினில் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டேன்.

"எல்லாம் சோதிச்சாச்சுடி. பையில ஒண்ணும் இல்லைன்னு காவல்காரரே சொல்லிட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பலகையைத் தினமும் படித்துவிட்டு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு போகிறவள் நான். என் குரல் எனக்கே கேட்காது, உங்களுக்குத் தெரியும். இத்தனை மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று தைரியம் வந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"அது கருப்புப் பை இல்லம்மா, கருப்பை. குழந்தை தங்குமே, அந்த இடம்."

மெஷின்கள் நின்றுபோன ஹாலில் என் குரல் மூலை வரைக்கும் கேட்டது. துணி வெட்டும் மாஸ்டர் திடுக்கிட்டதில் ஒரு சட்டைக் கையின் நீளம் பாதியாகிவிட்டது. முதலில் வாய் திறந்தது இஸ்திரிப் பெரியம்மாதான். "அப்ப என் பையை எதுக்குடி வாங்கிட்டுப் போனே?" என்றாள். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருத்தியாக என் பக்கத்தில் வந்து, தனக்கும் இப்படி, தனக்கும் அப்படி, அந்தப் பலகையில் வேறென்ன போட்டிருக்கிறது என்று கிசுகிசுத்தார்கள். நான் காது வரை சிவந்துபோய் எல்லாம் சொன்னேன்.

மறுநாள் அம்மாவை உள்ளே வரைக்கும் நானே கூட்டிப் போனேன். சின்னக் கட்டியாம், மாத்திரையில் அடங்கிவிடும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்தால் பாதிக் கம்பெனி வரிசையில் நிற்கிறது, காவல்காரர் பாவம், பை பார்த்தே களைத்துவிட்டார்.

சித்தி, போன தடவை வந்தபோது நீங்களும் அம்மாவிடம் இதே வலியைச் சொன்னீர்களாம், சித்தப்பாவிடம் சொல்லக் கூச்சமாம். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
அக்காள் மகள்.

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் சித்திக்கு எங்கடி படிக்கத் தெரியும்? அந்த அழகான எழுத்தெல்லாம் உன் சித்தப்பாவோடது. இதையும் அவருதான் வாசிச்சுக் காட்டுவாரு." கிழிக்கப் போனேன், அம்மா விடவில்லை. அப்படியே போகட்டும் என்றாள். எனவே, மதிப்புக்குரிய சித்தப்பா, வணக்கம். இருமாமல் வாசித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தியைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பை எதுவும் தேவையில்லை.