பத்து வரை எண்ணினேன்

"பத்தே நாள். பத்தே நாள்ல என் பொண்ணை பீன்ஸ் சாப்பிட வெக்கிறேன். இல்லைன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

இப்படி நான் சபதம் போட்டபோது என் மனைவி சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் விடிகாலையில் ஓடப்போகிறேன் என்றபோது விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். குழாயை நானே ரிப்பேர் பண்ணுகிறேன் என்றபோது சிரித்துக்கொண்டே வாளியை எடுத்து வைத்தாள். இந்தச் சபதத்துக்கு மட்டும், "நீங்க நினைச்சா முடியாததா?" என்றாள். எனக்குக் காற்றில் மிதப்பதுபோல இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் மகளுக்கு நாலு வயசு. ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி என்பதால் வீட்டில் அவள் பெயர் மிளகு. அவளுடைய பாலர் பள்ளி டீச்சர் அன்று என் மனைவியைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். 'நாங்கள் சாப்பிடுகிறோம்' என்று மிளகு வரைந்த படம். அம்மா இருந்தாள், மிளகு இருந்தாள், வட்டமாக ஒரு பெரிய வயிறு இருந்தது. அது நான். என் தட்டைச் சுற்றிப் பச்சையாக வேலி போட்டிருந்தாள்.

"இது என்ன, தோட்டமா?" என்றேன்.

"நீங்க தட்டோரமா தள்ளி வெக்கிற பீன்ஸாம். டீச்சர் கேட்டதுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கா. இப்ப அவளும் டிபன் பாக்ஸ்ல அதே மாதிரி தள்ளி வெச்சிட்டு வராளாம்."

"அடாடா, குழந்தை காய் சாப்பிடலைன்னா என்ன ஆகறது!"

"டீச்சர் சொன்னாங்க, மிரட்டக்கூடாதாம். லஞ்சம் குடுக்கக்கூடாதாம். சமைக்கும்போது கூட வெச்சுக்கணுமாம். முக்கியமா, பெரியவங்க அவ முன்னாடி ரசிச்சுச் சாப்பிடணுமாம்."

நான் எதையும் பாதிதான் கேட்பேன் என்பது என் மனைவியின் பழைய புகார். அன்றும் பாதியோடு எழுந்துவிட்டேன். அதன் பிறகுதான் அந்தச் சபதம்.

முதல் நாள் மிரட்டினேன். "பீன்ஸ் சாப்பிடலைன்னா உயரமாவே வளரமாட்டே" என்றேன். மிளகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நான் ஐந்தடி இரண்டங்குலம். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் சாக்லேட் காட்டினேன். ஒரு பீன்ஸுக்கு ஒரு சாக்லேட் என்று ஒப்பந்தம். அவள் ஒரே ஒரு பீன்ஸை எடுத்தாள். நாலு துண்டாகக் கிள்ளினாள். நாலு சாக்லேட் கேட்டாள்.

மூன்றாம் நாள் ஸ்பூனை விமானமாக்கி வாயால் சத்தம் எழுப்பிக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினேன். விமான நிலையம் கதவைச் சாத்திவிட்டது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"எனக்கே அவமானமா இருக்கு" என்றேன் தைலத்தைத் தடவிக்கொண்டே. "ஸ்டுடியோவுக்கு வர்ற நாப்பது குழந்தைங்களை நான் ஒரு நாள்ல நேரா உக்கார வெக்கிறேன். சொந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் பலிக்கலையே!"

ஆமாம், நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடப் படம், குடும்பப் படம். குடும்பப் படத்தில் ஒரு தொல்லை உண்டு. பன்னிரண்டு பேர் நின்றால் யாராவது ஒருத்தர் கண்ணை மூடிவிடுவார். அதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறேன். 'எல்லாரும் கண்ணை மூடுங்க, மூணு எண்ணுவேன், மூணு சொன்னதும் திறங்க' என்பேன். திறந்த அந்த நொடியில் கிளிக். இருபது வருஷமாக என் கடையில் கண் மூடிய படம் ஒன்றுகூட வெளியே போனதில்லை.

"அந்த வித்தையை இங்க போட்டுப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி.

"எந்த வித்தை?"

"கண்ணை மூடச் சொல்லி எண்ணுவீங்களே, அது. குழந்தைக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்."

என் வித்தையை என் மனைவி புகழ்ந்து எத்தனை வருஷமாயிற்று! அன்று மாலையே ஆரம்பித்தேன்.

"மிளகு, எல்லாரும் கண்ணை மூடுங்க. அப்பா எண்ணி முடிக்கிறதுக்குள்ள உன் தட்டுல பீன்ஸ் காணாமப் போயிடணும். சரியா?"

"நீயும் மூடணும்" என்றாள் மிளகு.

"நான் எதுக்கு?"

"நீங்க உத்து உத்துப் பாத்தா குழந்தைக்கு வெக்கமா இருக்காதா?" என்றாள் மனைவி. "அப்புறம் மூணு போதாதுங்க. சின்ன வாய். பத்து வரைக்கும் எண்ணுங்க. மெதுவா."

கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு என்று நிதானமாகப் பத்து வரை எண்ணினேன். திறந்தேன்.

மிளகு தட்டில் ஒரு பீன்ஸ் இல்லை! அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. மென்றுகொண்டிருந்தாள். நான் மேசையைத் தட்டிக் கூவினேன்.

"பாத்தியா! பாத்தியா!"

"பாத்தேங்க" என்றாள் மனைவி. "இனி நீங்களும் உங்க தட்டைக் காலி பண்ணணும். அப்பதான் நாளைக்கும் சாப்பிடுவா."

நியாயம்தானே? வேலி போட்ட தகப்பன் என்ற பழியை நானும் துடைக்க வேண்டாமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பங்கை விழுங்கினேன்.

தினமும் இது நடந்தது. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், கீரை, எதை வைத்தாலும் பத்து எண்ணுவதற்குள் மிளகு தட்டு துடைத்துவிட்டதுபோல இருக்கும். எனக்கு ஒரே ஒரு ஆச்சரியம். என் தட்டில் காய் குறையவே குறையாது. எவ்வளவு தின்றாலும் மலைபோல இருக்கும். சபதத்தில் ஜெயித்ததற்காக மனைவி பிரியமாக அள்ளிப் போடுகிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். பெல்ட்டை இறுக்கப் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்தது. மாடிப்படி ஏறினால் இளைப்பதில்லை. வெற்றி உடம்புக்கு நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.

மேல்வீட்டு பஸ் கண்டக்டருக்கு ஒரு மகன். ரொட்டியைத் தவிர எதையும் தொடமாட்டான். கண்டக்டரைப் படியில் நிறுத்திவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினேன்.

"எல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் சார். குழந்தையோட மனசை நாம பிடிக்கணும்."

"அவ நிஜமாவே முழுங்கறாளா சார்?"

"பின்னே எங்க போகும்? என் கண்ணாலேயே…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "வேணும்னா போட்டோ எடுத்துக் காட்டறேன். கடை வாசல்லயே மாட்டறேன். வந்து பாருங்க."

சபதம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. காமிராவைக் கடையிலிருந்து கொண்டுவந்து மூன்றுகால் ஸ்டாண்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே நிறுத்தினேன். விநாடிக்கு ஒரு படம், மொத்தம் பத்து. காமிராவைத் தட்டிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். மனைவி, "இன்னிக்கு வேண்டாங்களே, வீடு ஒழுங்கா இல்லை" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. கண்ணை மூடினேன். பத்து வரை எண்ணினேன்.

மறுநாள் கடையில் கண்டக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படங்களைத் திரையில் போட்டேன்.

முதல் படத்தில் மூன்று பேரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தோம். இரண்டாவதில் நான் கண்ணை மூடியிருந்தேன், அவர்கள் மூடவில்லை. மூன்றாவதில் மிளகு நாற்காலிமேல் ஏறி நின்று தன் தட்டை என் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் என் மனைவி கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையும் கரண்டியால் வழித்து என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவதில் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பத்தாவதில் மிளகு கன்னத்தை உப்பவைத்து, மெல்வதற்குத் தயாராக இருந்தாள்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "படம் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு சார்" என்றார். எழுந்து போய்விட்டார்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

"துரோகம்!" என்றேன் வாசலிலிருந்தே. "ஒரு மாசமா குழந்தை ஒரு காய்கூட சாப்பிடலை! அவ உடம்பு என்ன ஆகும்? தாயா நீ?"

என் மனைவி சமையலறைக் கதவைத் திறந்து காட்டினாள். தரையில் காகிதத்தை விரித்து உட்கார்ந்து மிளகு பீன்ஸுக்கு நுனி கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டைக் கிண்ணத்தில் போட்டாள், ஒன்றை வாயில் போட்டாள்.

"தினமும் இப்படித்தான். சாயங்காலம் சமைக்கும்போதே பாதி காலி. மேசைக்கு வரும்போது அவளுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்."

"டிபன் பாக்ஸ்?"

"அப்பாவைச் சாப்பிட வெக்கிற வேலையை அவகிட்ட ஒப்படைச்சேன். மறுநாளே காலியா வந்துது. அடுத்தவங்களை மேய்க்கிறவ தான் தப்பு பண்ணுவாளா?"

"என்னை எதுக்குச் சாப்பிட வெக்கணும்? எனக்கென்ன குறைச்சல்?"

அலமாரியிலிருந்து ஒரு பழைய பிலிம் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

அதற்குள் ஒரு சீட்டைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்தேன். இரண்டு மாதம் முன்பு படியில் மூச்சு வாங்கியதும் யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்றார். என்னவோ கிறுக்கிக் கொடுத்தார். எனக்கே படிக்க முடியாத கையெழுத்து, வேறு யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் விட்டுவிட்டேன். என் மனைவி மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவள் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

"மிளகு விளையாட எடுத்தப்ப கிடைச்சுது" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பொரிச்சதைத் தொடக்கூடாது, தினமும் காய் சாப்பிடணும்னு எழுதியிருக்கார். உங்ககிட்ட நேரா சொன்னா வேலி போடுவீங்க. நான் என்ன பண்றது? தினமும் நீங்க படியேறி வர்ற சத்தத்தைக் கேட்டு நெஞ்சு அடிச்சுக்கும். ரொம்பப் பயந்துட்டேங்க."

கத்துவதற்காக இழுத்து வைத்திருந்த மூச்சு எங்கோ போய்விட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதனால்தான் ஒளித்தேன் என்று சொன்னேன். சொன்னதும் மனசு லேசானது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகு எழுந்து வந்து என் வாயில் ஒரு பச்சை பீன்ஸைத் திணித்தாள்.

"நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்றாள் மனைவி.

"எடுக்கறேன். காயும் சாப்பிடறேன். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. பாகற்காய் மட்டும் கூடாது. கல்யாணமான நாளா சொல்லிட்டிருக்கேன். என் தட்டுல அதை வெக்கமாட்டேன்னு குழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

அவள் மிளகின் தலையில் கை வைத்தாள். "என் கையால உங்க தட்டுல பாகற்காய் வெக்கமாட்டேன். சத்தியம்."

இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரே இரண்டு தடவை பார்த்தார். என் மனைவி மருந்துக்கடையிலேயே அதைப் படித்துவிட்டு எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாளாம். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நான் நல்ல குஷியில் இருந்தேன்.

"அப்பா, கண்ணை மூடு" என்றாள் மிளகு.

"இனி எதுக்குடா? அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே!"

"குழந்தை ஆசையா கேக்கறா, மூடுங்களேன்" என்றாள் மனைவி.

தெரிந்தேதான் மூடினேன். இன்னும் கொஞ்சம் கேரட் வந்து விழும், விழட்டுமே. பத்து வரை நிதானமாக எண்ணித் திறந்தேன். தட்டு நிறையப் பாகற்காய்.

"சத்தியம் பண்ணினியே!" என்று அலறினேன்.

"நான் எங்கங்க வெச்சேன்?" என்றாள் அவள், மிளகின் கையைத் துடைத்துவிட்டுக்கொண்டே.