கொதிக்க வைத்த அருள்

காலை ஏழு மணிக்கே வரிசை பிசின் தொழிற்சாலை வாசலைத் தாண்டிவிட்டது. ஆளுக்கொரு வாளி. வாளியில், தொழிற்சாலை விஷம் பல ஆண்டுகளாக ஊறிய கிணற்றுத் தண்ணீர். ஒருமுறை முகர்ந்தால் மூக்கு ராஜினாமா செய்துவிடும்.

வரிசையின் முனையில், ஊருக்குப் புதிதாக வந்த தாடிச் சாமியார், 'சேற்று மகான்'. ஒரு கரண்டி கறுப்புச் சேற்றை அள்ளுவார். மூன்று முறை ஊதுவார். வாளியில் போடுவார்.

"மூணு நாள் விடாம கலக்கு. என் மூச்சு விஷத்தை முறிச்சிடும்!"

வேடிக்கை என்னவென்றால், முறித்தது! நெடி போயே போய்விட்டது. தொழிற்சாலை முதலாளி உருகிவிட்டார். "இனிமே கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி எதுக்கு? வெள்ளிக்கிழமையோட மூடிடுங்க."

அந்தத் தொட்டிகளைக் கவனித்துவந்தவள் தொட்டியம்மா. பச்சைக் குழந்தைக்குச் சோறு பழக்குவதுபோல, எட்டு மாதம் கிருமிகளுக்குச் சொட்டுச் சொட்டாக விஷம் கொடுத்துப் பழக்கியவள். செத்தவை போக, பிழைத்தவை விஷத்தையே தின்று பெருகின.

அவள் கணவர், தையல்காரர், வாளியோடு வீட்டுக்குள் வந்தார். "பாருடி! நீ எட்டு மாசம் செஞ்சதை அவரு ஒரே ஊதுல செஞ்சிட்டாரு."

அவள் சேற்றைத் தொட்டு முகர்ந்தாள். "ஏங்க, இது என் தொட்டிச் சேறு. இதுல இருக்கிற கிருமிதான் விஷத்தைத் தின்னுது."

"மகான் கையில கிருமியா? வாயைக் கழுவு!"

மறுநாள் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள். "சாமி, சக்தி சேத்துலயா, உங்க மூச்சுலயா?"

"மூச்சுலதான் தாயி! சேறு வெறும் சேறு."

"அப்போ கொதிக்க வெச்ச சேத்துல ஊதினாலும் வேலை செய்யணுமே?"

"கருகின சேத்துல ஊதினாலும் செய்யும்!" கைதட்டல் வானைப் பிளந்தது.

மகானின் சேற்றில் பாதியை அவள் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஒரு பீப்பாய்க் கிணற்றுத் தண்ணீரில் போட்டாள். மகான் முப்பது முறை ஊதினார். மீதிச் சேறு பச்சையாகவே இன்னொரு பீப்பாய்க்குப் போனது. அதில் யாரும் ஊதவில்லை. தையல்காரரே இரண்டையும் ஒரே மாதிரி கலக்கினார்.

மூன்றாம் நாள் முதலாளி, மகானின் பீப்பாயில் முதலில் குனிந்தார். கண்ணீர் வழிந்தது. பக்தியால் அல்ல, நெடியால்! ஊதாத பீப்பாயில் நெடியே இல்லை.

"கொதிச்சதுல கிருமி செத்துப்போச்சு. செத்தது எப்படித் தின்னும்?" என்றாள் தொட்டியம்மா.

மகான் பதறிப்போய் வாய்தவறி உளறினார். "கொதிக்க வெச்சா வேலை செய்யாதுன்னு லாரியில ஏத்தும்போதே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

'அக்கா'வா? கூட்டம் உற்றுப் பார்த்தது. தாடிக்குள்ளே இருந்தவர், போன மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்ட சேற்று லாரி டிரைவர்! தொட்டியில் மிஞ்சிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அவருக்கு மட்டுமே தெரியும்.

தொட்டியை மூடும் உத்தரவை முதலாளி அங்கேயே கிழித்துப் போட்டார். தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். அப்போது ஒருவர் பயபக்தியோடு வாளியை நீட்டினார்: "அம்மா, இனிமே நீங்க ஊதித் தருவீங்களா?"

தொட்டியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூளையே இல்லாத கிருமி, விஷத்தைச் செரிக்கப் பழகிவிட்டது. மூளையுள்ள மனிதா, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழக உனக்கு என்ன கேடு?