ரஞ்சிதத்தின் போனுக்கு வரும் ஆறு எண்கள்

இனிமேல் ஆபீஸ் வேலைக்காகப் பெண்டாட்டியிடம் கெஞ்சுவதில்லை என்று தாண்டவராயன் அன்று காலை பல் விளக்கும்போது முடிவெடுத்தார். வாயில் நுரையோடு எடுத்த முடிவு. கொப்பளித்துத் துப்பும்போது அதையும் சேர்த்துத் துப்பியிருக்கலாம். மனுஷனுக்கு அந்தப் புத்தி இல்லை.

செஞ்சியில் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று துருவாதீர்கள். வீடு கட்ட அனுமதி கொடுக்கிற இடம், அவ்வளவு போதும். அனுமதிப் பிரிவுக்கு அதிகாரி நம்ம தாண்டவராயன்தான். போதாததற்கு 'இணையப் பாதுகாப்புப் பொறுப்பு அலுவலர்' என்று இன்னொரு பட்டமும் உண்டு. அவருக்கு ஏன் கொடுத்தார்கள்? அந்தப் பொறுப்பைப் பங்கு போட்ட அன்றைக்கு அவர் லீவு. அவ்வளவுதான் தகுதி!

பட்டம் கிடைத்ததும் அவர் செய்த ஒரே காரியம் மகளிர் குழுக் கூட்டத்தில் மைக் பிடித்ததுதான். "ஓ.டி.பி.ய யார் கேட்டாலும் சொல்லாதீங்க. பேங்க்லேர்ந்து கேட்டாலும் சொல்லாதீங்க. ஏன், கட்டின புருசனே கேட்டாலும் சொல்லாதீங்க!" என்று முழங்கினார். ஒரே கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்து அவர் பெண்டாட்டி ரஞ்சிதமும்தான் தட்டினாள்.

ஐயாவின் சொந்த லட்சணத்தைக் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எல்லாம் ஆன்லைன் ஆனபோது, அதிகாரிகள் தங்கள் போன் நம்பரைப் பதிய வேண்டும் என்றார்கள். தாண்டவராயன் யோசித்தார். நம்பரைக் கொடுத்தால் ஜனங்களுக்குத் தெரிந்துவிடுமே! தெரிந்தால் கூப்பிடுவார்களே! கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டுமே! ஜனங்களிடமிருந்து தப்பிக்கத்தானே ராப்பகலாகப் படித்து அரசாங்க வேலைக்கு வந்தது? ரஞ்சிதத்தின் நம்பரைப் பதிந்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

அன்றிலிருந்து அதிகாரி கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டுமானால், ஆறு இலக்க எண் ஒன்று ரஞ்சிதத்தின் போனுக்கு வரும். அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் குளிக்கப் போனால் அரசாங்கம் காத்திருக்கும். ஒரு தடவை பனமலைக்குக் கல்யாணத்துக்குப் போனவள் சார்ஜரை மறந்துவிட்டாள். இரண்டு நாள் செஞ்சியில் ஒருத்தருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. வாசலில் 'சர்வர் பழுது' என்று அட்டை தொங்கியது.

இப்போது வினை மேலிடத்திலிருந்து வந்தது. அன்றைக்கு மூன்று மணிக்கு ஆய்வு. ஓ.டி.பி. அதிகாரியின் சொந்த போனுக்கு வரவில்லையென்றால் மெமோ. மெமோ வாங்கினால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் காலி. நம்பரை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓர் ஓ.டி.பி. வரும்.

பெண்டாட்டியிடம் நேராகக் கேட்டால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? அங்கேதான் மாமியார் வருகிறார்.

அனந்தபுரத்தில் இருக்கும் பவுனம்மாளுக்கு, தாண்டவராயன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு காலி மனை. அதில் வீடு கட்ட ஏழு மாசத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டார். பேப்பரெல்லாம் கச்சிதம். மாப்பிள்ளைதான் அசையவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்கு வந்தால் கதை முடிந்தது. "இன்னா மாப்ள, பத்தரை ஆவுது, இன்னும் ஆபீசுக்குக் கெளம்பலியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவுகிற ஜென்மம் அது. ரஞ்சிதம் கேட்கும்போதெல்லாம் "சர்வர் டவுன்" என்று சொல்லியே ஏழு மாசத்தை ஓட்டிவிட்டார். இப்போது ஓ.டி.பி. கேட்டால் அவள் பதிலுக்கு எதைக் கேட்பாள் என்று அவருக்குத் தெரியாதா?

பத்தரைக்கு ஆபீசிலிருந்து போன் போட்டார். வழக்கம்போல் வந்த நம்பரை அவள் சொன்னாள், உள்ளே நுழைந்தார். 'எண் மாற்றம்' என்பதை அழுத்திவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்.

"இந்தா ரஞ்சிதம், இன்னொரு நம்பர் வந்திருக்கும் பாரு."

"இப்பதானே ஒண்ணு சொன்னேன்?"

"அது உள்ள போறதுக்கு. இது... இன்னும் உள்ள போறதுக்கு."

"இதுல 'செல்போன் எண்ணை மாற்ற'ன்னு போட்டிருக்குதே?"

"சர்வர் அப்பிடித்தான் கண்டதையும் போடும். நீ நம்பர மட்டும் படி."

"'யாரிடமும் சொல்லாதீர்கள்'னும் போட்டிருக்குதுங்க."

"நான் யாரோவா?"

"கட்டின புருசனே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு ஒரு பெரிய ஆபீசர் மைக்ல சொன்னாரு. நல்லாப் பேசினாருங்க. ஆமா, எங்கம்மா பைல் இன்னா ஆச்சு?"

"சர்வர் டவுன்."

"அப்ப எனக்கும் டவர் இல்ல."

போன் கட்.

தாண்டவராயன் கொதித்தார். மூளையைக் கசக்கினார். அதிலிருந்து ஒரு யோசனை சொட்டியது. ஊரெல்லாம் எந்தத் திருட்டுத்தனத்தை எதிர்த்து மைக் பிடித்தாரோ, அதையே செய்து பார்ப்பது! ஆபரேட்டர் கவிதாவின் போனை வாங்கினார். இருபது வருஷ சர்வீசில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்த கவிதா லாக்கைத் திறந்தே கொடுத்தாள். அவர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குரலைக் கனமாக்கினார்.

"வணக்கம்மா. மாவட்டத் தலைமை அலுவலகத்துலேர்ந்து உயர் அதிகாரி பேசறேன்."

"வணக்கம் சார்! இன்னா சார், ஜலதோஷமா? ஆவி புடிங்க."

"அது... லைன் சரியில்ல. உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்குது..."

"அது கெடக்கட்டும் சார். சாமி பாத்து உங்கள அனுப்பியிருக்குது. ஒரு புகார், எழுதிக்குங்க."

"புகாரா?"

"இங்க தாண்டவராயன்னு ஒருத்தரு. பவுனம்மாள்னு ஒரு வயசான பொம்பள பைல ஏழு மாசமா அமுக்கி வெச்சிருக்காரு. மாமியார் பக்கத்துல குடி வந்துடுவாங்கன்னு அந்தாளுக்கு பயம் சார்."

கவிதா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சேச்சே, அப்பிடி இருக்காதும்மா. அவர் ரொம்பக் கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன்."

"யாரு, அவரா? நீங்க நேர்ல பாத்ததில்ல போல. மண்டு சார்! பொண்டாட்டி போன் இல்லன்னா அந்தாளால ஆபீஸ் கம்ப்யூட்டரக் கூடத் தொறக்க முடியாது. ஆனா அவகிட்டயே வம்பு வளர்ப்பாரு."

தாண்டவராயன் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார். என்ன செய்வது, உயர் அதிகாரிக்கு ரோஷம் வரக்கூடாதே.

"சரிம்மா, நடவடிக்கை எடுக்கறேன். இப்ப அந்த ஓ.டி.பி..."

"எப்ப சார் எடுப்பீங்க?"

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா எத்தன மணிக்கு?"

"இன்னிக்கே! ஒரு மணிக்குள்ள அனுமதி குடுக்கச் சொல்றேன், போதுமா?"

"போதும் சார், மகராசனா இருங்க. நீங்க பேசினதெல்லாம் என் போன்ல பதிவாயிருக்குது. உங்க பேரு மட்டும் சொல்லிடுங்க."

உயர் அதிகாரி போனை வைத்துவிட்டார். கைக்குட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அடுத்த நிமிஷமே அவருடைய சொந்த போன் அடித்தது.

"ஏங்க, உங்க மேலதிகாரி பேசினாருங்க. ஒரு மணிக்குள்ள எங்கம்மா பைல முடிக்கச் சொல்றாராம். சொன்னாரா?"

"...சொன்னாரு."

"தங்கமான மனுசன். அவ்ளோ பெரியவரு எதுக்குக் கவிதாக்கா போன்லேர்ந்து பேசினாருன்னுதான் புரியல. அக்கா நம்பர் எங்கிட்ட இருக்குது இல்ல, பேரோட வந்துச்சு. மூணு மணி ஆய்வுக்கு ஒரு மேடம் வராங்கன்னு காலையில பல்லு வெளக்கிக்கிட்டே பொலம்பினீங்களே, அவங்களுக்கு இத போட்டுக் காட்டிக் கேக்கட்டா?"

ஏழு மாசமாகப் படுத்திருந்த சர்வர் ஏழு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பவுனம்மாளின் பைலில் 'அனுமதிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. ரஞ்சிதமும் பேச்சு மாறவில்லை. அனுமதி வந்ததைத் தாய்க்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு, ஆறு எண்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

மூன்று மணிக்கு ஆய்வு அதிகாரி நீலாஞ்சனா வந்தார். கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். எண் நேராகத் தாண்டவராயனின் போனுக்கே வந்தது. "பரவாயில்லையே! நான் போன பல இடத்துல பாஸ்வேர்டத் துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டியே வெச்சிருக்காங்க" என்றார் அவர்.

"பாதுகாப்புதான் மேடம் எனக்கு மூச்சே" என்றார் தாண்டவராயன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

மெமோ இல்லை. பதவி உயர்வு பத்திரம். மாமியார் வீடு கட்டட்டுமே! கடைக்கால் தோண்டி, சுவர் எழும்பி, கூரை போடுவதற்குள் எவ்வளவோ நாள் இருக்கிறது. அதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டபடி சாயங்காலம் வண்டியை வீட்டுக்கு விட்டார்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது. கூடத்தில் இரண்டு தகரப் பெட்டி, ஒரு மூட்டை, அலுமினியக் குண்டான்கள். அவருடைய அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னா மாப்ள, மணி அஞ்சுகூட ஆவல. அதுக்குள்ள ஆபீச வுட்டாங்களா?"

தாண்டவராயன் சமையலறைக்கு ஓடினார். "ரஞ்சிதம்! இன்னா இது? வீடு கட்டத்தானே அனுமதி? இன்னும் ஒரு செங்கல்கூட எறங்கல!"

"நாளைக்கு எறங்குது. பக்கத்துல இருந்து பாத்துக்க ஆள் வேணாமா? முடிக்க ஆறு மாசம் ஆவும்னு மேஸ்திரி சொல்றாரு. அதுவரைக்கும் அம்மா உங்க ரூம்லதான்."

"ஆறு மாசமா? என் ரூம்லயா?"

ரஞ்சிதம் அடுப்பிலிருந்து டீயை இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"நான் இன்னாங்க பண்றது? ஏழு மாசம் முன்னாடியே நீங்க அனுமதி குடுத்திருந்தா, இந்நேரம் அவங்க பக்கத்து வீட்ல இருந்திருப்பாங்க."